கயிறு நனைந்த அளவு

12.05.2003 திங்கள்

கயிறு நனைந்தது எட்டடி இரண்டங்குலம். தண்ணீர் நல்லது.

பெரிய கொப்பியில் எழுத வேண்டியது இவ்வளவுதான். சிவகுருநாதன் தம்பி இரண்டு கொப்பி தந்தார். பெரியது அவர்கள் மாதா மாதம் பார்ப்பதற்கு, சின்னது பிழை வந்தால் எழுதிப் பழகுவதற்கு. எனக்குப் பிழை வருவதில்லை. ஆகவே சின்னது சும்மா கிடக்கிறது. எதுவும் சும்மா கிடந்தால் எனக்குப் பொறுக்க ஏலாது. அதனால் என் கதையை எழுதுகிறேன்.

அவர் கம்பஸில் படிப்பிக்கிறவர். ஊர்களில் தண்ணீர் எப்படி இருக்கிறது, அதை நம்பிச் சனம் எப்படிச் சீவிக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். எங்கள் இத்தியடியில் என் வீட்டுக் கிணறு, வயலுக்கு அங்காலே தைக்காத்தோட்டத்தில் பள்ளிவாசலடிக் கிணறு, இரண்டையும் ஒரு வருசம் பார்க்க வேண்டுமாம். எங்கள் கிணறுதான் கடலோடு சேர்ந்த களப்புக்குக் கிட்ட. உப்பு ஏறினால் முதலில் இங்கேதான் தெரியும், இங்கே நல்லதென்றால் ஊர் முழுக்க நல்லது என்று கடுதாசியில் கீறிக் காட்டினார்.

"ஆர் எழுதுறது? பேத்தியோ?" என்று கேட்டார்.

"நான்."

"எவ்வளவு படிச்சனீங்கள் அம்மா?"

"ஐஞ்சாம் வகுப்பு. ஆனா முழுசாப் படிச்சனான்."

சிரித்தார். பேனையை வாங்கி என் பெயர், ஊர், திகதி எல்லாம் எழுதிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

விடிய ஒருவரும் அள்ளுமுன்னம் கல்லுக் கட்டின கயிற்றை அடிமட்டும் இறக்கி, நனைந்த அளவை எழுத வேண்டும். பிறகு ஒரு மிடறு குடித்து, உப்புக் கரிக்கிறதோ என்று பார்த்து மூன்று சொல்லில் ஒன்று: நல்லது, கொஞ்சம் சவர், சவர். கயிறு இலேசு. வாளி இழுக்க முழங்கால் விடாது. மருமகள் கமலா விடிய அள்ளிக் குசினியில் வைக்கிற குடத்தில் ஒரு செம்பு எடுத்துக் குடித்துப் பார்ப்பேன். கிணற்றுத் தண்ணீர்தானே.

13.05.2003

எட்டடி ஒன்றரை அங்குலம். நல்லது. முழங்கால் நல்லதில்லை.

19.05.2003 திங்கள்

இன்று கமலாவை ஏசிப்போட்டேன்.

பருப்பு அவியவில்லையாம். சவுக்காரம் நுரைக்கவில்லையாம். பாலை விட்டவுடன் தேத்தண்ணி திரைகிறதாம். எல்லாத்துக்கும் கிணறுதான் காரணமாம். "தண்ணி சவர்க்குது மாமி" என்றாள். ஒரு செம்பு குடித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"மாமி, வெத்திலையைத் துப்பிப்போட்டு ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ" என்றாள்.

அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. என் வெற்றிலையில் இவளுக்கு என்ன கதை? என்ர மனுசன் தம்பிராசா தன் கையால் வெட்டின கிணறு. நாங்கள் இரண்டு தரம் ஊரை விட்டு ஓடி, இரண்டு தரம் திரும்பி வந்தோம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, அலுமாரி இல்லை. கிணறு மட்டும் நின்றது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் முதல் நாள் பசியாறினோம். "உனக்கு அடுப்பு மூட்டத் தெரியாட்டி கிணத்தைச் சொல்லாதை" என்றேன். இன்னும் சொன்னேன். எழுத வேண்டாம்.

அவள் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒருநாளும் சொல்வதில்லை.

21.05.2003

ஏழடி ஒன்பது. நல்லது.

தேத்தண்ணி இன்று திறம். திரையவில்லை. ஏசினால்தான் சிலருக்குக் கை வருகிறது.

05.06.2003 வியாழன்

சிவகுருநாதன் தம்பி வந்தார். முகம் வாடியிருந்தது. உப்பு அளக்கிற கருவியை ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியில் பிடித்து வைத்துவிட்டார்களாம். வயரும் பட்டரியும் இருக்கிறபடியால் கடிதம் வேண்டுமாம், கடிதம் கொடுத்தால் அதற்கு இன்னொரு கடிதம் வேண்டுமாம். சமாதானம் வந்து ஒன்றேகால் வருசம். பட்டரிக்கு இன்னும் வரவில்லை.

"தண்ணிக்குள்ள குண்டைத் தேடுறியளோ எண்டு கேட்டவங்கள் அம்மா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"உப்பைத் தேடுறன் எண்டனான். உப்புக் கடையில இருக்கெண்டாங்கள்."

இரண்டு பேரும் சிரித்தோம். போகும்போது சொன்னார்: "கருவி வரும்வரைக்கும் உங்கட நாக்குத்தான் அம்மா எங்கட கருவி. அதை வச்சுத்தான் அறிக்கை எழுதப்போறன்."

மகன் வந்ததும் சொன்னேன். கமலாவுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்.

14.06.2003 சனி

ஆறடி ஒன்பது. நல்லது.

கயிறு கெதியாக இறங்குகிறது. கச்சான் காற்று மூன்று கிழமையாக விடாமல் அடிக்கிறது. காற்று மட்டுமா? மிசினும்தான். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவர மூன்று இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். இப்போது கடையில் தாராளம். எண்ணெய் வந்தது, இறைப்பு மிசின் வந்தது, வெங்காயம் வந்தது. ஊரில் நாலு மிசின். ஒன்று என் மகன் இரத்தினசிங்கத்தினுடையது. எங்கள் வளவுக்குப் பின்னால் தோட்டக் கிணற்றில் விடியத் தொடங்கினால் வெயில் ஏறுமட்டும் நிற்காது.

குறை சொல்ல எனக்கு வாய் வராது. அகதி முகாமில் பாணுக்கு வரிசையில் நின்ற பிள்ளை. இப்போதுதான் தலை நிமிர்ந்து நடக்கிறான். கட்டாருக்குப் போகவென்று பாஸ்போட் எடுத்தவன், அதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டான். "இந்த வெங்காயம் சரிவந்தா நான் ஒரு இடமும் போகமாட்டன் அம்மா" என்றான். பேத்தி தர்சினி அவன் மடியில் இருந்தாள். ஒன்பது வயது. நான் பள்ளிக்கூடத்தை விட்ட வகுப்பில் படிக்கிறாள்.

06.07.2003

ஐந்தடி பத்து. நல்லது.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உடம்பு அலுப்பு.

10.07.2003 வியாழன்

மூதூரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குழப்பம். யார் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. நாலு நாளாகக் கர்த்தால், கடை இல்லை, ரவுனுக்குப் போகிற லோஞ்ச் படகு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மிசின் சத்தமும் இல்லை. காது வலிக்கிற மாதிரி அமைதி.

கயிறு ஆறடி. இறங்கவில்லை, இரண்டங்குலம் ஏறியிருக்கிறது! பிழையோ என்று இரண்டாம் தரமும் இறக்கினேன். ஆறடிதான்.

கமலா விடிய வீட்டில் இல்லை. சூரியன் வந்த பிறகு வயல் பக்கத்தால் வந்தாள், இடுப்பில் குடம். எங்கே போனாய் என்றேன். கோயிலடிக்கு என்றாள். "ஊர் கிடக்கிற கிடையில உனக்கு இப்பதான் கோயிலோ? ஆரும் இழுத்துக்கொண்டு போனா ஆருக்குச் சொல்லி அழுறது?" என்று ஏசினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

24.07.2003 வியாழன்

கமக்காரர் சங்கத் தலைவர் பாக்கியரத்தினம் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், "ஆச்சி இருங்கோ முதல்ல" என்றார்! நேற்றுவரைக்கும் என்னைக் கண்டால் சைக்கிள் மணி கூட அடிக்காத மனுசன்.

ஒரு வெளிநாட்டு நிறுவனம் இத்தியடிக்குப் பன்னிரண்டு மிசின் கொடுக்கப்போகிறதாம். தண்ணீர் தாங்கும் என்று சிவகுருநாதன் தம்பி எழுதிக் கொடுத்தால் போதுமாம். அவர் எதைப் பார்த்து எழுதுவார்? என் கொப்பியைப் பார்த்து.

"களப்படிக் கிணறே நல்லதெண்டா பேந்தென்ன ஆச்சி? எல்லாம் உங்கட கையில."

பன்னிரண்டு பேரின் பட்டியலில் என் மகன் பெயர் முதலாவது. பழைய மிசினை விற்றுப் புதிது எடுப்பானாம், மேட்டுக் காணியும் செய்வானாம். பின்னேரம் இன்னும் மூன்று பேர் வந்து சுகம் விசாரித்துப் போனார்கள். ஒருத்தி வாழைப்பழம் கொண்டுவந்தாள்.

07.08.2003 வியாழன்

விடிய நாலடி எட்டு. நல்லது. பிறகு ரவுனில் சிவகுருநாதன் தம்பியின் ஓர்ஸ் ஹில் கந்தோருக்குக் கூட்டத்துக்குப் போனேன்.

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

தைக்காத்தோட்டத்துக் கொப்பி எழுதுகிற ஸுல்பிகாவும் நானும் ஒரே லோஞ்சில்தான் போனோம். நாற்பது வயதிருக்கும். அவளுடைய கொப்பியில் அவர்கள் கிணற்றில் அள்ளுகிற ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். ஊர்க் கிணறு என்றபடியால் அதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். சிவகுருநாதன் தம்பி இரண்டு கொப்பியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், விரலை ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதென்ன, 'இத்தியடி கமலா, இரண்டு குடம்' எண்டு ஒவ்வொரு நாளும் கிடக்கு? மே இருபத்தொண்டில இருந்து. பூரணியம்மா, உங்கட மருமகளும் கமலாதானே?"

"ஓம் சேர், அவதான்" என்று ஸுல்பிகா தொடங்கினாள். "விடியக்காலை வருவா. கர்த்தால் நாளையிலயும் வந்தா. நான்தான் வேலியடியில நிறைச்சு…"

"கமலா எண்டு ஊரில ரெண்டு பேர்" என்றேன் நான்.

என்ர வாயாலதான் வந்தது. இத்தியடியில் முப்பத்தாறு வீடு. கமலா ஒருத்திதான்.

ஸுல்பிகா என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "இருட்டில ஆளை மட்டுக்கட்டல்ல போலயிரிக்கி சேர்" என்றாள்.

அவர் பென்சிலை எடுத்து அவளுடைய கொப்பியில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். என் கொப்பியில் ஒன்றும் போடவில்லை.

திரும்பி வரும்போது லோஞ்சில் அவள் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். இறங்கும்போது கை தந்தாள், முழங்கால் எனக்கு ஏலாது என்று தெரியும்.

08.08.2003 வெள்ளி

கேட்டேன். குசினிக்குள் போய்க் கேட்டேன்.

"எங்கை அள்ளுறனீ?"

கமலா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தைக்காத்தோட்டத்தில மாமி. பிள்ளைக்கு வயித்துக்குத்து வந்தது. உங்களிட்டைச் சொன்னனான். நீங்கள் ஏசினீங்கள். அதுக்குப் பிறகு சொல்லேல்லை."

"எத்தினை நாளா?"

"நீங்கள் ஏசி ரெண்டாம் நாளில இருந்து. குடிக்க, சமைக்க அந்தத் தண்ணி. மற்றதுக்கு இது."

போகக் கால்மணித்தியாலத்துக்கு மேல். நிறைகுடத்தோடு வர இன்னும் கூட. இரண்டு நடை. நான் எழும்ப முன்னம். கர்த்தாலுக்குள்ளும்.

"ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான் மாமி" என்றாள்.

வெற்றிலையைத் துப்பினேன். மூன்று தரம் வாய் கொப்பளித்தேன். கிணற்றடிக்குப் போய் நானே வாளியை இழுத்தேன், முழங்கால் முறிந்தால் முறியட்டும். குடித்தேன். சவர். கொஞ்சச் சவர் இல்லை. சவர். தொண்டையால் இறங்க மாட்டேன் என்றது.

நான் இவ்வளவு நாளும் ருசி பார்த்து எழுதினது ஆற்ர தண்ணி? தைக்காத்தோட்டத்துத் தண்ணியை என்ர கிணத்துப் பேரில எழுதியிருக்கிறன். ஸுல்பிகாவின்ர கொப்பி சரி, அதுக்குக் கேள்விக்குறி. என்ர கொப்பி பொய், அதைப் பாத்துப் பன்னிரண்டு மிசின். ஐயோ, எனக்கெல்லோ பிழை வராது!

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். பின்னால் மிசின் இறைத்துக்கொண்டிருந்தது.

09.08.2003

பெரிய கொப்பியில் "நல்லது" என்று எழுதினேன். தெரிந்துகொண்டு எழுதினேன்.

12.08.2003 செவ்வாய்

நாலடி நாலு. பெரிய கொப்பியில் நாலாம் நாளும் "நல்லது".

யாருக்குச் சொல்வது? சொன்னால் மிசின் வராது. மிசின் வராவிட்டால் பாஸ்போட் பெட்டியை விட்டு வெளியே வரும். சொல்லாவிட்டால்? பதினாறு மிசின் இறைத்தால் மேட்டுக் கிணறுகள் எத்தனை நாளுக்குத் தாங்கும்? அவர் கீறின படம் எனக்கு விளங்கும். நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் விலக விலகக் களப்புத் தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கும் விளங்கும்.

வெற்றிலை போடவில்லை, நாலு நாள். தலை இடிக்கிறது.

15.08.2003 வெள்ளி

வெங்காயத் தாள் நுனி கருகுகிறது. மகன் மருந்துக் கடையில் போய்ப் பூஞ்சணத்துக்கு மருந்து வாங்கிவந்து அடிக்கிறான். பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் சொன்னேன்.

"தம்பி, அது வருத்தமில்லை. தண்ணி சவர்."

மருந்துத் தாங்கியை முதுகில் இருந்து இறக்கவில்லை அவன். "உங்கட கொப்பியில நல்லதெண்டெல்லோ கிடக்கு."

எல்லாம் சொன்னேன். கமலா எங்கே அள்ளுகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியாது. விடிய மிசினோடு நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டுவிட்டுக் கருகின தாள் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தான்.

"அம்மா, ஒரு மாசம் பொறுங்கோ. மிசின் கைக்கு வரட்டும். பேந்து என்னத்தையும் எழுதுங்கோ."

"வந்தாப் பிறகு இறைக்காமல் விடுவியளோ?"

"அது பேந்து பாப்பம்."

"பேந்து பாக்கத் தண்ணி இராது தம்பி."

"அப்ப நான் கட்டாருக்குப் போறன். அதுதானே உங்களுக்கு வேணும்? உங்கட எழுத்து முத்து முத்தாக் கிடக்கும். நான் பாலைவனத்தில கிடக்கிறன்."

மருந்துத் தாங்கியோடு வரம்பால் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே வீம்பு.

18.08.2003 திங்கள்

போனேன்.

சாறியை மாற்றி, பெரிய கொப்பியையும், சோடாப் போத்தல் ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முதல் லோஞ்சுக்குப் போனேன். கமலா கூட வாறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இது என் வாயால் வந்த வினை.

இறங்குதுறைச் சென்றியில் பையைத் திறந்தார்கள். ஆமிப் பொடியன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "வத்துர" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அவன் குடித்துக் காட்டச் சொல்லிச் சைகை காட்டினான். அதுதான் அவர்கள் வழக்கம், போத்தல் கொண்டுபோனால் குடித்துக் காட்ட வேண்டும். பின்னால் முப்பது பேர் வரிசையில். முகம் சுளித்தால் போத்தலும் போகும், நானும் போவேன். மூன்று மிடறு குடித்தேன். நல்ல தண்ணீர் குடிக்கிற மாதிரியே குடித்தேன். மூன்று மாதம் பழகின முகம்.

கந்தோரில் சிவகுருநாதன் தம்பி எழும்பி நின்றார். "என்னம்மா, கூட்டம் இண்டைக்கில்லையே."

"முதல்ல ஸுல்பிகாவின்ர கொப்பியை எடுங்கோ. நீங்கள் பென்சிலாலை போட்டதை அழியுங்கோ. அது என்ர மருமகள்தான்."

அவர் கொப்பியை எடுத்து அழிரப்பரால் அழித்தார். பிறகு போத்தலை நீட்டினேன். "இதைக் குடிச்சுப் பாருங்கோ." குடித்தார். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சொன்னேன். வெற்றிலையும் சொன்னேன், குடமும் சொன்னேன், எட்டாம் திகதி தெரிந்த பிறகும் பொய் எழுதினதையும் சொன்னேன். கடைசியைச் சொல்லத்தான் கஷ்டம்.

"எத்தினை நாள் அம்மா?"

"தொண்ணூறு. இண்டையோட. அதுக்கு முந்தினதும் வெத்திலை வாய், நம்பாதேங்கோ."

சிவப்புப் பேனையை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாக "நல்லது" என்ற சொல்லை வெட்டினார். என் முன்னாலேயே. பள்ளிக்கூடத்தில்கூட என் கொப்பியில் ஒருவர் இப்படி வெட்டினது கிடையாது. நான் அழவில்லை. அவர் வெட்டி முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கயிறு?" என்று கேட்டார்.

"கயிறு நான் என்ர கையால இறக்கினது. அதில ஒரு அங்குலமும் பொய்யில்லை."

அதை வெட்டவில்லை.

27.08.2003 புதன்

தெரிந்துவிட்டது. மிசின் வராது என்று கடிதம் வந்திருக்கிறது.

சங்கக் கடையடியில் பாக்கியரத்தினம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "ஆச்சியின்ர நாக்கு ஒண்டு. பன்னிரண்டு மிசினை முழுங்கிப்போட்டுது."

வாழைப்பழம் கொண்டுவந்தவள் சொன்னாள்: "படிச்ச மனுசியெல்லே. உண்மையைத்தான் சொல்லுவா. மூண்டு மாசம் பிந்திச் சொல்லுவா, அவ்வளவுதான்."

பொய்யோ? இல்லை. அவள் சொன்னது சரி. சீனியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மகன் என்னோடு கதைப்பதில்லை. "அம்மா சாப்பிட்டவவோ எண்டு கேள்" என்று கமலாவிடம் சொல்கிறான், நான் பக்கத்தில் இருக்கும்போது. வெங்காயம் பாதிக்கு மேல் போய்விட்டது. கிண்டினால் கோலிக்குண்டு மாதிரி.

03.09.2003 புதன்

கமலாவோடு தைக்காத்தோட்டத்துக்கு நடந்தேன். வரம்பில் மூன்று இடத்தில் இருந்து இருந்து போனேன். இந்த வழியைத்தான் இவள் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம்.

ஸுல்பிகா கிணற்றடியில் கொப்பியோடு நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன், அங்கே போனவுடன் எல்லாம் மறந்துபோனது.

"பிள்ளை, அண்டைக்கு உன்னைப் பொய்க்காரியாக்கிப் போட்டன்."

"அதுக்கென்ன பூரணிம்மா. எனக்குக் கண் தெரியாதெண்டு சேர் நினைச்சிரிப்பார். வாப்பாட்டச் சொல்லி ஒரு கண்ணாடி வாங்கத்தான் வேணும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னாள்: "இங்கயும் குறையுது. வீட்டுக்கு ரெண்டு குடத்துக்கு மேல இல்லையெண்டு பள்ளிவாசல்ல முடிவெடுத்திரிக்காங்க. உங்களுக்கும் ரெண்டுதான். கூடவுமில்ல, குறையவுமில்ல."

"வேறை ஊருக்கு ஏன் தாறீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"கேட்டாங்க. கொப்பியில பேர் ஏறினா அது நம்மட கணக்குத்தான் எண்டன்."

பெயரை எழுதினாள். இத்தியடி கமலா, இரண்டு குடம். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினாள், குடம் இல்லாமலே.

22.09.2003 திங்கள்

கருவிக்கு விடுதலை கிடைத்துவிட்டது. சிவகுருநாதன் தம்பி அதைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். எங்கள் கிணறு சவர். மகனின் தோட்டக் கிணறு அதைவிடச் சவர். மேட்டுக் கிணறு இரண்டில் சவர் தொடங்கியிருக்கிறது. அதைக் கேட்டவுடன் பாக்கியரத்தினத்தின் முகம் மாறியது, ஒன்று அவருடையது.

பிறகு என் கொப்பியைத் திறந்தார். கயிற்றுக் கணக்கைப் பலகையில் எழுதினார். மிசின் ஓடின கிழமைகளில் இவ்வளவு இறக்கம். ஆடியில் கர்த்தால், எண்ணெய் இல்லாத நாலு நாள், இரண்டங்குலம் ஏற்றம். "மழை பெய்யேல்லை. நீங்கள் இறைக்கேல்லை. அவ்வளவுதான்" என்றார்.

பின்வாங்கில் ஒருவன் "நாக்குத்தான் பொய், கயிறு சொல்லுது" என்றான். சிலர் சிரித்தார்கள். ஏளனமா இல்லையா என்று தெரியவில்லை.

நெடுநேரம் சத்தம் போட்டு, கடைசியில் ஒரு முடிவு. என் கிணற்றில் கயிறு ஐந்தடிக்குக் குறைந்தால் களப்புப் பக்கத்து மிசின் நாலும் ஓடக்கூடாது. கையால் அள்ளி வார்க்கலாம். அளவை விடிய நான் சொல்ல வேண்டும். "ஆச்சியின்ர கயித்தை நம்பலாமோ?" என்று ஒரு குரல். நான் எழும்பினேன். "கமலாவும் கூட நிண்டு பாப்பாள். ருசியும் அவள்தான் முதல் சொல்லுவாள்" என்றேன். கமலா தரையைப் பார்த்தாள்.

மகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். முடிவு சொன்னவுடன் போய்விட்டான்.

30.09.2003

நாலடி ஏழு. கமலா சவர் என்றாள். எனக்கும் சவர்.

பெட்டி திறந்து கிடந்தது. பாஸ்போட்டை எடுத்துப் பார்த்திருக்கிறான். திகதி முடியவில்லை. நானும் பார்த்தேன்.

06.10.2003

நாலடி ஒன்பதரை. மேகம் கூடிக் கலைகிறது. சனம் கதைப்பதெல்லாம் திரும்பச் சண்டை வரும் என்பதுதான். வரட்டும், போகட்டும். எனக்கு ஓடக் கால் இல்லை.

11.10.2003 சனி

விடியக் கயிற்றை இறக்கினேன். கமலா பக்கத்தில் நின்றாள். நனைந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு அடிமட்டத்தை வைத்தேன். நாலடி பதினொன்று.

இரண்டாம் தரம் இறக்கினேன். நாலடி பதினொன்று.

கமலா வாளியில் அள்ளி, அவளும் நானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தோம். பின்னால் செருப்புச் சத்தம். மகன். தோட்டத்தில் நாற்பது கத்தரிக் கன்று வைத்திருக்கிறான், மூன்று நாளாகத் தலை தொங்கிக் கிடக்கிறது. மிசினை எண்ணெய் விட்டுத் துடைத்துச் சாக்கின் மேல் வைத்திருந்தான், இரவே பார்த்தேன்.

கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கமலாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எவ்வளவு அம்மா?"

ஆவணிக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஓர் அங்குலம். கயிறு சற்று நெகிழ்ந்தால் வருகிற அங்குலம். ஐந்தடி என்றால் கமலாவும் வாய் திறக்கமாட்டாள். எனக்குத் தெரியும்.

"நாலடி பதினொண்டு."

கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையை நீட்டி வாங்குவான், தான் அளப்பான் என்று நினைத்தேன். வாங்கவில்லை. சாக்கை இழுத்து மிசினை மூடினான். குசினித் தாழ்வாரத்தில் கிடந்த இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு தோட்டக் கிணற்றுக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் கப்பிச் சத்தம் கேட்டது. கமலா முந்தானையைச் செருகிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனாள். நாற்பது கன்று, கன்றுக்கு அரை வாளி. வெயில் ஏறுமட்டும் எடுக்கும்.

நான் உள்ளே வந்து பெரிய கொப்பியில் எழுதினேன். நாலடி பதினொன்று. கொஞ்சம் சவர்.